வாகனமில்லாதவருக்கு ஒரு வாகனம்



சென்னையிலிருந்து ஆந்திரத்தை நோக்கிச் செல்லும் ஜி.என்.டி. சாலையில் செங்குன்றத்தைக் கடந்து சென்றால் சோழவரம் வருகிறது. இவ்வூரின் பெயரை நாடறியச் செய்தவை இரண்டு. ஒன்று, அங்குள்ள ஏரி. மற்றொன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம்.

போர் முடிந்த பின் அந்த ஓடுதளத்தில் விமானங்கள் இறங்கவில்லை, கார்கள் ஓடின. 1950-களிலிருந்து 1980-களின் இறுதி வரை சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தி வந்தார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமையும் வரை, தென்னாட்டில் கார்ப் பந்தயம் என்றாலே சோழவரம்தான். இலட்சக்கணக்கில் விலை போன வண்டிகள் அங்கே சீறிப் பாய்ந்தன. கண்மூடித் திறப்பதற்குள் கடந்து சென்றன. ஆனால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் புறப்பட்ட கோட்டுக்கே அவை திரும்பி வந்து நின்றன.

ஏரியின் கதை வேறு. கொசஸ்தலை ஆற்றின் நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு திருப்பிவிட, அது கால்வாய் வழியே சோழவரம் ஏரிக்கு வருகிறது. ஏறக்குறைய 108 கோடி கன அடி நீரைத் தாங்கும் அந்த ஏரி, தான் பெற்றதைத் தனக்கென்று வைத்துக் கொள்வதில்லை. புழல் ஏரிக்கு அனுப்பி வைக்கிறது. அங்கிருந்து அது சென்னை மக்களின் வீட்டுக் குடத்தை நிரப்புகிறது.

நம்முடைய செல்வம் இவ்விரண்டில் எதைப் போன்றது? ஓடி ஓடி நம் வாசலிலேயே வந்து நிற்கிறதா? அல்லது நம்மிடம் சற்றுத் தங்கிவிட்டுத் தாகித்தவரிடம் செல்கிறதா? இந்தக் கேள்வியை இம்மாதம் ஒரே ஒரு பொருளை முன்வைத்துச் சிந்திக்க விரும்புகின்றோம். அந்தப் பொருள், நம் வீட்டு முன்வாசலில் உறை போர்த்தி நிற்கும் பழைய சொகுசுக் கார்.

போர்டிகோவில் நிற்கும் செல்வம்

நம் பெரியவர்கள் 'பிளஷர்' என்று சொல்லிய கார், ஒரு காலத்தில் ஊருக்கு ஒன்றோ இரண்டோதான் இருந்தது. இன்றோ திருவள்ளூர் மாவட்டமே வாகனங்கள் பிறக்கும் பூமியாகிவிட்டது. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய தொழிற்சாலை அசோக் லேலண்டாக வளர்ந்து லாரிகளையும் பஸ்களையும் அனுப்பியது. திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் தயாராயின. அந்நாளில் அந்த வண்டியை வைத்திருப்பது ஒரு பெரிய அந்தஸ்து.

இன்று அத்தகைய வண்டிகளின் நிலை என்ன? வீட்டுக்கு அதைவிடப் பெரிய புது வண்டி வந்துவிட்டது. பிள்ளைகள் பழையதில் ஏறக் கூச்சப்படுகிறார்கள். விற்கப் போனால் வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்குகூடக் கேட்பதில்லை. காயலான் கடைக்குப் போடவோ மனம் வரவில்லை. அப்போது வீட்டில் ஒருவர் சொல்கிறார்: "மத்ரஸாவுக்குக் கொடுத்து விடுவோமே! நன்மையாவது கிடைக்கும்."

நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து புறப்பட்டது என்பதைச் சற்று நிறுத்திக் கேட்டுப் பார்க்க வேண்டும். கொடுக்க வேண்டும் என்ற ஆசையிலிருந்தா? இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற அவசரத்திலிருந்தா? வண்டி ஒன்றுதான், போய்ச் சேரும் வாசலும் ஒன்றுதான். ஆனால் அமல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற அடிப்படையில், ஒருவருடையது ஸதக்காவாகிறது. மற்றொருவருடையது வீட்டைச் சுத்தம் செய்த வேலையாக முடிகிறது.

ஒரு பயணத்தில் பிறந்த கட்டளை

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் இருந்தார்கள். அப்போது ஒரு மனிதர் தம் வாகனத்தின் மீது அமர்ந்து வந்து, வலப் பக்கமும் இடப் பக்கமும் பார்த்தவாறு நின்றார். வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. அவருடைய பார்வையே அவர் தேவையைச் சொல்லிற்று. உடனே நாயகம் (ஸல்) அவர்கள், தம் தேவைக்கு மிஞ்சிய வாகனம் உடையவர் வாகனமில்லாதவருக்கு அதைக் கொடுத்து உதவட்டும் என்றும், மிஞ்சிய உணவு உடையவர் உணவில்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்றும் கட்டளையிட்டார்கள். பிறகு ஒவ்வொரு வகைப் பொருளாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். நம்மிடம் மிஞ்சியிருக்கும் எதிலும் நமக்கு உரிமையே இல்லையோ என்று நாங்கள் எண்ணும் அளவுக்கு அப்பட்டியல் நீண்டது என்று ஹழ்ரத் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்த ஹதீஸ் இடம் பெற்றிருக்கிறது.

கவனித்தீர்களா? அந்தப் பட்டியலில் உணவுக்கும் முன்னால் வாகனம் வருகிறது! பாலைவனப் பயணத்தில் வாகனமற்றவன் நிலை என்னவென்று அந்த நாயகத்துக்குத் தெரியும்.

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு, தபூக் பயணம். கடும் வெயில், நெடுந்தூரம். ஏழைத் தோழர்கள் சிலர் வந்து, எங்களையும் ஏற்றிச் செல்ல வாகனம் தாருங்கள் என்று வேண்டினார்கள். கொடுப்பதற்கு நாயகத்திடம் வாகனம் இல்லை. அவர்கள் கண்ணீர் வடித்தபடி திரும்பிச் சென்றார்கள். அந்தக் கண்ணீரைத் திருமறை தன் ஒன்பதாம் அத்தியாயத்தின் 92-ஆவது வசனத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறது. வாகனம் கிடைக்காமல் அழுதவரின் கண்ணீருக்கு அல்லாஹ்விடம் அவ்வளவு மதிப்பு!

இன்று அந்தக் கண்ணீர் வற்றிவிட்டதா? சோழவரத்திலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் ஒரு சிறுநீரக நோயாளியை எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை அவருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ வேறோரிடத்துக்கோ அவர் போய்வர வேண்டும். ஆபத்து நேரத்துக்கு 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அது உயிர் காக்கும் அரும்பணி. அதன் வேலை அது. ஆனால் ஆபத்து என்று சொல்ல முடியாத, அதேசமயம் விட்டுவிடவும் முடியாத இந்த வாரப் பயணத்துக்கு யார் இருக்கிறார்கள்? சிகிச்சை முடிந்து, தலை சுற்ற, கால் தள்ளாட, லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் வீடு திரும்புகிறார். ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் அந்த வீட்டு அடுப்பு இரண்டு நாள் எரியும்.

மாதம் நிறைந்த கர்ப்பிணிப் பெண், கண் அறுவை செய்துகொண்ட பாட்டி, கால் முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போகும் தாய் — இவர்களெல்லாம் இன்று வலமும் இடமும் பார்த்து நிற்கும் அந்த மனிதர்கள். அவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். ஒருவரை அவருடைய வாகனத்தில் ஏற்றி விடுவதும், அவருடைய சுமையைத் தூக்கி வைப்பதும் ஸதக்கா என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். கைகொடுத்து ஏற்றுவதற்கே அந்த நன்மை என்றால், ஏறுவதற்கு வாகனத்தையே கொடுப்பவரின் நன்மை எத்தகையது!

தொங்கவிட்ட பேரீத்தங்குலை

கொடுப்பது என்று முடிவு செய்தபின் அடுத்த கேள்வி, எதைக் கொடுப்பது என்பது.

மதீனாவில் ஒரு வழக்கம் இருந்தது. அன்ஸாரித் தோழர்கள் தம் தோட்டத்துப் பேரீத்தங்குலைகளைக் கொண்டு வந்து மஸ்ஜிதில் தொங்கவிடுவார்கள். திண்ணைத் தோழர்களான ஏழை ஸஹாபிகள் பசித்தபோது அதிலிருந்து உண்பார்கள். சிலர் சொத்தையும் வற்றலுமான குலைகளைக் கொண்டு வந்து மாட்டினார்கள். அப்போதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 267-ஆவது வசனம் அருளப்பட்டதாகத் திர்மிதியில் காண்கிறோம். நல்லவற்றிலிருந்து செலவிடும்படியும், நமக்குக் கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மாட்டோமே, அத்தகையதைத் தேடிப் பிடித்துக் கொடுக்காதிருக்கும்படியும் அவ்வசனம் கட்டளையிடுகிறது.

பழைய காரைக் கொடுப்பவர் வீட்டில் இந்த வசனத்தை ஒருமுறை ஓதிவிட்டு, சாவியைக் கையில் எடுக்க வேண்டும். பழைய பொருளைக் கொடுப்பது குற்றமா? இல்லவே இல்லை. உடுத்திய ஆடையையும் கொடுக்கலாம். ஓட்டிய வண்டியையும் கொடுக்கலாம். பழையது என்பது ஒன்று; பழுதானது என்பது வேறு. இவ்வண்டியில் நம் மகளை ஏற்றி இரவுப் பயணமாகத் திருச்சிக்கு அனுப்பத் துணிவோமா? துணிவோம் என்றால் அது கொடுக்கத் தகுந்த வண்டி. "வேண்டாம், பிரேக் சரியில்லை" என்று நம் நாக்குச் சொன்னால், அதே பிரேக்கை நம்பி நோயாளியை ஏற்றச் சொல்வது தர்மமாகாது. முதலில் நம் செலவில் மெக்கானிக்கிடம் விட்டு, டயர், பிரேக், பாட்டரி ஆகியவற்றைச் சீராக்கி, பிறகு கொடுப்போம்.

சொகுசு வண்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. யானையைப் பரிசளிப்பது எளிது. அதற்குத் தீனி போடுபவன் யார்? வெளிநாட்டுக் கம்பெனியின் பெரிய கார் குடிக்கும் பெட்ரோல் அதிகம். ஓர் உதிரிப் பாகம் போனால் ஒரு மத்ரஸா உஸ்தாதின் மாதச் சம்பளம் போய்விடும். அத்தகைய வண்டியைச் சிறியதொரு ஜமாஅத்தின் வாசலில் நிறுத்திவிட்டு வந்தால், நம் வீட்டுச் சுமையை அல்லாஹ்வின் வீட்டு வாசலுக்கு மாற்றியவர்களாகவே ஆவோம். ஆறு மாதத்தில் அங்கும் அது உறை போர்த்தி நிற்கும், கோழி அடையும்.

முல்லைக்குத் தேர் தேவையா?

தமிழ் மக்கள் வள்ளல் பாரியை மறந்ததில்லை. படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தான் ஏறி வந்த தேரையே நிறுத்திவிட்டுப் போனான். அன்றைய சொகுசு வாகனம் அதுதான். அவனது ஈர நெஞ்சம் போற்றத் தக்கது. ஆனால் முல்லைக்கு வேண்டியிருந்தது ஒரு கொழுகொம்பு. தேரை விற்றிருந்தால் எத்தனையோ முல்லைக்குப் பந்தல் போட்டிருக்கலாம்!

தேரைப் பந்தலாக்கத் தெரிந்தவர் ஒருவரை நம் நாடு கண்டிருக்கிறது. 1964 டிசம்பரில் போப் ஆறாம் பால் பம்பாய்க்கு வந்தார். அவருடைய பயணத்துக்கென்று அமெரிக்காவிலிருந்து அன்பளிப்பாக வந்த பெரிய லிங்கன் கார் ஒன்று இருந்தது. ஊர் திரும்புமுன் அதைக் கல்கத்தாவில் தொண்டு செய்து வந்த அன்னை தெரசாவிடம் கொடுத்துச் சென்றார். அந்த அம்மையார் அதில் ஏறிச் சவாரி செய்யவில்லை. அதைப் பரிசுப் பொருளாக வைத்துச் சீட்டு நடத்தி, திரண்ட பணத்தைத் தொழுநோயாளிகளுக்கென்று அவர் அமைத்த சாந்தி நகர் குடியிருப்புக்குப் பயன்படுத்தினார். கார் கொடுக்கப்பட்டது, ஆனால் நோயாளிகளுக்குக் கிடைத்தது வீடு.

பரிசுச் சீட்டு நமக்கு ஆகாது. மாயிதா அத்தியாயத்தின் 90-ஆவது வசனம் சூதாட்டத்தை விலக்கிவிட்டது. தமிழக அரசும் 2003-இல் லாட்டரியைத் தடை செய்துவிட்டது. ஆனால் ஏலம் நமக்கு ஆகும். அதற்கு நாயகத்தின் நடைமுறையே இருக்கிறது. யாசிக்க வந்த ஓர் அன்ஸாரியிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். விரிக்கவும் போர்த்தவும் ஒரு துணி, நீர் குடிக்க ஒரு பாத்திரம் என்றார். அவ்விரண்டையும் வரவழைத்துத் தம் திருக்கரத்தில் ஏந்தி ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். இன்னும் கூடுதலாகத் தருபவர் உண்டா என்று கேட்டார்கள். இரண்டு திர்ஹத்துக்கு மற்றொருவர் எடுத்தார். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு. மற்றொரு திர்ஹத்துக்குக் கோடரி. அதற்குத் தாமே காம்பு மாட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்று வரும்படி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்து வந்தார். அபூதாவூதில் இந்தச் சம்பவம் வருகிறது. பழைய பொருள் விலையாகி, விலை தொழிலாகி, தொழில் மானமாக மாறிய வரலாறு இது.

ஆகவே வண்டியைக் கொடுக்குமுன் வாங்குபவரைக் கேட்க வேண்டும். ஓட்டுநரும் எரிபொருளுக்கு வழியும் உள்ள அமைப்பு, நோயாளிகளுக்கு இது உதவும் என்று சொன்னால், வண்டியாகவே கொடுப்போம். இயன்றால் ஓராண்டு இன்சூரன்ஸையும் சில மாத பெட்ரோலையும் சேர்த்துக் கொடுப்போம். இல்லையென்றால் நல்ல விலைக்கு விற்று, ஓர் ஏழை ஓட்டுநருக்கு ஆட்டோவாகவோ, ஒரு விதவைக்குத் தையல் இயந்திரமாகவோ, சிகிச்சைக் கட்டணமாகவோ மாற்றிக் கொடுப்போம். தம் சொத்தில் மிகவும் நேசித்த பைருஹா தோட்டத்தை ஹழ்ரத் அபூதல்ஹா (ரலி) அவர்கள் அல்லாஹ்வுக்காகக் கொடுக்க முன்வந்தபோது, அதை உறவினருக்குப் பங்கிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் யோசனை கூறினார்கள். கொடுப்பவர் மனத்தில் ஆர்வம் இருந்தால் போதாது. போய்ச் சேரும் இடமும் பொருத்தமாக இருக்க வேண்டும். நம் சொந்தத்திலேயே நோயாளி இருக்க, ஊர் அறியும் இடத்தைத் தேடி வண்டி போக வேண்டுமா என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

ஹழ்ரத் உமரின் குதிரை

இப்போது நாம் சொல்லப் போவதுதான் மிகவும் கடினமான பாடம்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் பாதையில் ஒருவருக்கு நல்லதொரு குதிரையைக் கொடுத்தார்கள். பெற்றவர் அதைச் சரிவரப் பராமரிக்கவில்லை. குதிரை நலிந்தது. கொடுத்தவரின் கண்ணில் அது பட்டது. மனம் பொறுக்குமா? அதை விலை கொடுத்தே திரும்ப வாங்கிவிட எண்ணினார்கள்; மலிவாகத் தருவான் என்றும் கருதினார்கள். நாயகத்திடம் கேட்டபோது, ஒரே திர்ஹத்துக்குக் கொடுத்தாலும் அதை வாங்கக் கூடாது என்று தடுத்தார்கள். தர்மத்தைத் திரும்பப் பெறுபவனைத் தான் கக்கியதைத் தானே தின்னும் நாய்க்கு ஒப்பிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது.

இலவசமாகத் திரும்பக் கேட்கவில்லை. விலை கொடுத்து வாங்கத்தான் எண்ணினார்கள். நோக்கமும் குதிரையின் நலன்தான். அதற்கே இந்தத் தடை! காரணம் என்ன? கையை விட்டுப் போன பொருளின் மீது மனத்தின் பிடி இன்னும் இருக்கிறது. அந்தப் பிடியை அறுப்பதுதான் ஸதக்கா.

நம் நிலையைப் பாருங்கள். வண்டியைக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருக்கும். "மத்ரஸா வண்டியை நாளைக்கு அனுப்புங்கள்; சம்பந்தி வீட்டாரை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வர வேண்டும்" என்று போன் போகிறது. முத்தவல்லியால் மறுக்க முடியுமா? அன்றைக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோயாளி வாசலில் காத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர், "என் வண்டியை எப்படிப் பாழாக்கி வைத்திருக்கிறார்கள் பார்" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்கச் சொல்கிறார். 'என் வண்டி' என்ற அந்த ஒரு சொல் போதும். சொல்லிக் காட்டுவதாலும் மனம் புண்படச் செய்வதாலும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்ற பொருளில் திருமறை (2:264) எச்சரித்திருப்பது நமக்கல்லவா?

பெயர் எழுதுவதும் அப்படியே. மஸ்ஜிதின் மின்விசிறிக்கு மூன்று இறக்கை, மூன்றிலும் பெயர். டியூப் லைட்டில் பெயர். வெளிச்சத்தில் பாதி பெயரிலேயே மறைந்துவிடுகிறது. கார்க் கதவிலும் பெரிய எழுத்தில் 'இன்னார் அன்பளிப்பு' என்று எழுதிவிட்டால், அதில் ஏறும் ஏழை ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரின் கீழே தலை குனிந்து ஏற வேண்டும். பிறருக்கு ஆர்வமூட்டப் பகிரங்கமாகக் கொடுப்பதும் நல்லதே. மறைத்து ஏழைக்குக் கொடுப்பது அதைவிட மேலானது என்பதே திருமறையின் போதனை (2:271).

வண்டி யாருடையது?

நம் வீடுகளில் பெரும்பாலும் வண்டி தர்மமாவது, அதன் உரிமையாளர் மவுத்தான பிறகுதான். "வாப்பா ஓட்டிய வண்டி, வாப்பாவுக்கு நன்மை சேரட்டும்" என்று பிள்ளைகள் கொடுக்கிறார்கள். ஹழ்ரத் ஸஅது பின் உபாதா (ரலி) அவர்கள் மறைந்த தம் தாயாருக்காகத் தோட்டத்தைத் தர்மம் செய்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்றார்கள். ஆகவே இது அருமையான அமல். ஆனால் ஸஅது (ரலி) அவர்கள் கொடுத்தது தம்முடைய தோட்டத்தை.

தகப்பனார் மறைந்த கணமே அந்த வண்டி வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிறது. முதலில் கடன் தீர்க்கப்பட வேண்டும். வஸிய்யத் செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குள் அது நிறைவேற்றப்பட வேண்டும். பிறகு மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்கும் அவரவர் பங்கு. மூத்த மகன் மட்டும் சாவியைத் தூக்கிக் கொடுக்க உரிமை இல்லை. புகுந்த வீட்டிலிருக்கும் சகோதரியிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? வாரிசுகளில் பருவமடையாத பிள்ளை இருந்தால் அதன் பங்கைத் தர்மம் செய்ய எவருக்குமே அதிகாரம் இல்லை. அநாதையின் பொருளை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே கொட்டிக் கொள்வதாகத் திருமறை (4:10) கூறுவதை அறியாதவர் யார்? வாப்பாவுக்கு நன்மை தேடப் போய், அவர் விட்டுச் சென்ற சிறுபிள்ளையின் பங்கை இழக்கச் செய்துவிடக் கூடாது.

தவணைக் கடன் முடியாத வண்டியும் அப்படியே. கடன் தீர்ந்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கடன் பதிவை நீக்கிய பிறகே அதைக் கொடுப்பது முறை.

காகிதமும் அமானிதம்தான்

"தர்மமாகக் கொடுத்துவிட்டோம், பேப்பர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இது ஆபத்தான அலட்சியம். 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இதைத் தெளிவாக்கிவிட்டது. வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி. நாம் கொடுத்த வண்டி ஒருவர் மீது மோதி, அவர் வீட்டார் இழப்பீட்டுக்காக அலைய நேர்ந்தால், அந்தக் கண்ணீரில் நமக்கும் பங்கு உண்டு.

எனவே 29, 30-ஆம் எண் படிவங்களில் கையொப்பமிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடிக்க வேண்டும். உரிமையாளர் மவுத்தாகியிருந்தால் வாரிசுக்கு மாற்ற 31-ஆம் எண் படிவம். பெயர் மாறியதும் 14 நாள்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே. பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். அந்த வாயிலில் நிற்கும் வண்டியைக் கொடுப்பவர் அச்செலவையும் ஏற்பதே அழகு. காரை ஆம்புலன்ஸாக மாற்றுவதோ, வாடகைக்கு ஓட்டுவதோ அதிகாரிகளின் அனுமதியின்றிக் கூடாது. வருமான வரிச் சலுகையை எண்ணிக் கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை: பணமாகத் தரும் நன்கொடைக்கே கழிவு உண்டு, பொருளாகத் தரும் வண்டிக்கு இல்லை. இதில் நம் இஃக்லாஸுக்கு ஓர் எளிய சோதனையும் அமைந்திருக்கிறது!

ஜகாத்தா? வக்ஃபா?

சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் வண்டிக்கு, அது எவ்வளவு விலையுயர்ந்ததானாலும், ஜகாத் இல்லை. விற்பனைக்கென்று வாங்கி வைத்திருக்கும் வண்டிகள் வியாபாரச் சரக்கு, அவற்றுக்கு உண்டு. ஆனால் பழைய காரை மத்ரஸாவுக்குக் கொடுத்துவிட்டு, "இவ்வருட ஜகாத்தில் கழித்துக் கொள்வோம்" என்று கணக்கெழுதுவது சரியன்று. ஜகாத், தவ்பா அத்தியாயத்தின் 60-ஆவது வசனம் கூறும் எட்டு வகையினருக்கு உரியது. அதற்கு நிய்யத்தும் வேண்டும். பொதுக் காரியங்களுக்கு அது செல்லாது என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. கார் உபரியான ஸதக்காவாகவே இருக்கட்டும். ஜகாத் தனியே போகட்டும்.

வக்ஃபு செய்வதானால் ஆலிம்களைக் கலந்து செய்ய வேண்டும். வக்ஃபான பொருளை விற்கவோ அன்பளிக்கவோ முடியாது. நிலம் நிலைக்கும், கார் தேயும். ஹழ்ரத் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் தம் கவசங்களையும் போர்ச் சாதனங்களையும் அல்லாஹ்வின் பாதைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். எனவே அசையும் பொருளை வக்ஃபு செய்வதற்கு இடமுண்டு. ஷாபிஈ மத்ஹபில், பொருள் நிலைத்திருக்க அதன் பயனை அனுபவிக்க முடியுமானால் வக்ஃபு ஆகும். ஹனஃபி மத்ஹபில் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள், மக்களிடம் வழக்கத்தில் உள்ள அசையும் பொருள்களை அனுமதித்தார்கள். ஆயினும் வண்டி பழுதாகும் நாளில் பொறுப்பாளர்கள் அதை விற்று வேறு வாங்க வழி இருக்க வேண்டுமல்லவா? 'முழு உரிமையுடன் ஸதக்காவாகக் கொடுக்கிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிடுவது அவர்களுக்கு இலகு.

இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் அனுமதித்த அந்தப் பொருள்களுள் ஒன்று, ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக். நம் ஊர் மஸ்ஜிதின் ஓரத்தில் அது சாத்தி வைக்கப்பட்டிருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே தொழப் போகிறோம். யாரோ ஒரு புண்ணியவான் என்றோ கொடுத்தது. அவர் பெயர் நமக்குத் தெரியாது. கதவில் எழுதி வைக்கவில்லை. அது எத்தனையோ பேரைச் சுமந்துவிட்டது. லிங்கனில் சென்றவரானாலும் லான்சரில் சென்றவரானாலும் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு சென்றவரானாலும், கடைசிப் பயணத்துக்கு நமக்கு வாய்ப்பது அந்தப் பழைய வாகனம்தான். முன்பின் அறியாத ஒருவரின் ஸதக்காவில் ஏறித்தான் நாம் அனைவரும் கப்ருக்குப் போகிறோம். அந்த நாள் வருமுன், நம் ஸதக்காவில் ஒருவரையாவது ஏற்றி அனுப்பியிருக்க வேண்டாமா?

யா அல்லாஹ்! எங்களிடம் மிஞ்சியிருப்பதை எங்கள் கண்ணுக்குக் காட்டித் தருவாயாக! வாய் திறந்து கேளாமல் வலமும் இடமும் பார்த்து நிற்பவரை எங்களுக்குத் தெரியச் செய்வாயாக! கொடுத்தபின் திரும்பிப் பாராத மனத்தை எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன்.